சாயங்காலம் ஆறு மணி, மைக் முன்னாடி: டி கோல் எழுதின போர் நினைவுகள்ல ஒரே ஒரு பத்தி

ஒரு பெரிய புத்தகத்துல இருந்து ஒரே ஒரு பத்திய உருவி எடுத்து, அதை மட்டும் வெளிச்சத்துல வெச்சு நோண்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. புத்தகம், பிரான்ஸோட ஜெனரல் சார்ல் டி கோல் எழுதின போர் நினைவுகள். மூணு பாகம், 1954, 1956, 1959ன்னு இடைவெளி விட்டு வந்துச்சு, பாரிஸ்ல ப்ளோன் பதிப்பகம் போட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது முதல் பாகத்துல 1940 ஜூன் 17, 18 வர்ற இடம், அதாவது அவரு லண்டனுக்குப் போய் பிபிசி ரேடியோல "சண்டை இன்னும் முடியல"ன்னு பேசினது. பிரான்ஸ்ல அந்த நாளு கிட்டத்தட்ட ஒரு திருநாள் மாதிரி, ஸ்கூல் புள்ளைங்களுக்குக் கூட தெரியும்.

அவரு சொல்ற கதை ரொம்ப சிம்பிள். 17ஆம் தேதி காலைல போர்தோல இருந்து விமானம் ஏறினேன், மத்தியானம் லண்டன், சாயங்காலத்துக்குள்ள சர்ச்சிலைப் பாத்தேன், கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்குனவன் மாதிரி நின்ன எனக்கு அவரு உதவி இல்லாம என்ன பண்ணியிருக்க முடியும், அவரு உடனே கொடுத்தாரு, மொத வேலையா பிபிசிய எங்கிட்ட விட்டாரு. பிரான்ஸ்ல புதுசா வந்த பெத்தான் அரசாங்கம் ஜெர்மனிகிட்ட போர் நிறுத்தம் கேட்டா அப்ப பேசறதுன்னு பேசி வெச்சோம், அன்னிக்கு சாயங்காலமே கேட்டுட்டாங்கன்னு சேதி வந்துருச்சு, மறுநாள் ஆறு மணிக்கு உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச அந்த உரைய மைக்ல வாசிச்சேன். அவ்ளோதான். அதுக்கப்புறம் தான் அந்த அற்புதமான வரி வருது: திருப்பி வாங்க முடியாத அந்த வார்த்தைங்க பறந்து போகப் போக, எனக்குள்ள ஒரு வாழ்க்கை முடியறத உணர்ந்தேன், 49 வயசுல சாகசத்துக்குள்ள நுழைஞ்சேன், விதி எல்லா வரிசையிலிருந்தும் வெளிய தூக்கிப் போட்ட மனுஷனா.

எழுத்து என்னமோ பிரமாதம். ஆனா இதுல எத்தனை பேரு இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. அவரு, சர்ச்சில், மைக். நான் மாட்டிக்கிட்டது அங்கதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். மே மாசம் ஜெர்மன் டாங்கு படை பிரான்ஸுக்குள்ள வெண்ணெய்ல கத்தி மாதிரி இறங்குது, இவரு அப்ப கர்னல், 4வது கவசப் பிரிவ வெச்சுக்கிட்டு மோன்கோர்னேல எதிர்த்து அடிச்சவரு. டாங்குகள தனிப்படையா ஒண்ணு சேத்து வெக்கணும், தொழில்முறை ராணுவம் வேணும்னு 1934லயே புத்தகம் போட்டு கத்திக்கிட்டு இருந்தாரு, யாரும் காது குடுக்கல. மே கடைசில தற்காலிக பிரிகேடியர் ஜெனரல் பதவி, ஜூன் ஆரம்பத்துல பிரதமர் போல் ரேனோ இவர போர்த்துறை துணை அமைச்சராக்கினாரு, ரெண்டு வாரம் கூட முழுசா ஆகல, 16ஆம் தேதி ராத்திரி ரேனோ ராஜினாமா, 84 வயசு மார்ஷல் பெத்தான் வந்துட்டாரு. மறுநாள் மத்தியானம் பெத்தான் ரேடியோல "சண்டைய நிறுத்தியாகணும்"ன்னு சொல்றாரு. அந்த நேரத்துல நம்மாளு விமானத்துல.

விமானத்துல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா அங்க இன்னொரு சாட்சி இருக்காரு. எட்வர்ட் ஸ்பியர்ஸ்னு பிரிட்டிஷ் ஜெனரல், சர்ச்சிலோட தனிப் பிரதிநிதி, பிரெஞ்சு பிரெஞ்சுக்காரன் மாதிரியே பேசுவாரு, அவரு தான் டி கோலை லண்டனுக்குக் கூட்டிட்டு வந்தவரு. அவரும் ஒரு நினைவுப் புத்தகம் எழுதினாரு, வேடிக்கை என்னன்னா அதுவும் அதே 1954ல வெளிவந்துச்சு. அதுக்குள்ள சிரியா லெபனான் விவகாரத்துல ரெண்டு பேருக்கும் நல்லா முட்டிக்கிச்சு, அதனால ஸ்பியர்ஸ் எழுதறதையும் அப்படியே நம்பிடக் கூடாது. அவரு சொல்றது சினிமா மாதிரி இருக்கும், டி கோல் என்னமோ என்னை வழியனுப்ப வந்த மாதிரி விமானத்தடியில நின்னாரு, விமானம் நகர ஆரம்பிச்சதும் நான் கையப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டேன், உதவியாளர் கூர்செல் பின்னாடியே தாவி ஏறினாரு. டி கோல் இதே விஷயத்த ஒரே வாக்கியத்துல முடிக்கறாரு: புறப்பாடு எந்த சாகசமும் இல்லாம, எந்த சிரமமும் இல்லாம நடந்துச்சு. படிக்கறப்ப சிரிப்பு வந்துருச்சு, வரப்போற கதைக்கு முன்கூட்டியே ஆப்பு வெச்ச மாதிரி இருந்துச்சு.

ஆனா அதே பறக்கற நேரத்துல டி கோல் பாத்தத ஸ்பியர்ஸால எழுதியிருக்க முடியாது. கீழ லா ரோஷெல், ரோஷ்ஃபோர் துறைமுகத்துல கப்பலுங்க எரியுது, அப்புறம் பிரித்தானி பக்கம் பேம்போன்னு ஒரு ஊரு மேல போறாங்க, அங்க அவரோட அம்மா கடுமையா உடம்பு சரியில்லாம படுத்திருக்காங்க, காட்டுல வெடிமருந்துக் கிடங்கு எரிஞ்ச புகை. இதையும் ஒரு வரி, ரெண்டு வரி, அழுகை கிடையாது. அந்த அம்மா அடுத்த மாசமே, ஜூலை 16, இறந்துட்டாங்க. அத தெரிஞ்சுக்கிட்டு அந்த வரிய மறுபடி படிச்சா தொண்டைல என்னமோ சிக்குது.

பெட்ரோல் போட ஜெர்சி தீவுல இறங்கறாங்க. டி கோல் எழுதறது: ஜெர்சில நின்னுட்டு லண்டன் போய்ச் சேந்தோம். ஸ்பியர்ஸ் எழுதறது: என்ன வேணும்னு கேட்டேன், காபின்னாரு, வாங்கிட்டு வந்து குடுத்தேன், ஒரு வாய் குடிச்சுட்டு, குறை சொல்ற தொனி கூட இல்லாம, உண்மைய உலகத்துக்கு அறிவிக்கறவரு மாதிரி, இது டீ, நான் கேட்டது காபின்னு சொன்னாரு. இங்கிலாந்துல ரெண்டுக்கும் அதே வெதுவெதுப்பான தண்ணி தான்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சாம், அவரோட தியாக வாழ்க்கை அங்கதான் தொடங்குச்சுன்னு ஸ்பியர்ஸ் ஒரு குத்தல். நாடே கவுந்து கிடக்கு, கைல காசு இல்ல, ஊரு இல்ல, படை இல்ல, அந்த நிலைமைலயும் இது டீன்னு சொல்ற மனுஷன். அடுத்த நாலு வருஷம் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் இவரோட என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு அந்த ஒரு கப்லயே தெரிஞ்சுருது.

சரி, இப்ப முக்கியமான கட்டத்துக்கு வருவோம், ஜூன் 18.

பிரிட்டிஷ் போர்க் கேபினட்டோட அன்னிக்கு மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, இருக்கு, அரசு ஆவணக் காப்பகத்துல யார் வேணா பாக்கலாம். மத்தியானம் கூடுது, சர்ச்சில் இல்ல, ஏன்னா அன்னிக்கு மத்தியானம் நாடாளுமன்றத்துல அவரோட மிகப் பிரபலமான உரை, "இதுவே அவர்களின் மிகச் சிறந்த நேரம்"ங்கறது, அத தயார் பண்ணிட்டு இருக்காரு. தலைமை முந்தின பிரதமர் நெவில் சேம்பர்லின். டி கோல் பேசப்போற உரையோட வாசகம் முன்னாடி வருது, கேபினட் முடிவு என்னன்னா, உரையில ஒண்ணும் ஆட்சேபம் இல்ல, ஆனா பெத்தான் அரசாங்கம் நம்ம கூட்டணிக்கு சாதகமா நடந்துக்க இன்னும் வாய்ப்பு இருக்கு, இந்த நேரத்துல அவங்களுக்கு வேண்டாத ஆளை ரேடியோல பேச விடறது சரியில்ல. நேரடியாச் சொன்னா, வேண்டாம். அவங்க பயத்துக்கு அர்த்தம் இல்லாம இல்ல, பிரெஞ்சு கடற்படை அப்ப உலகத்துலயே பெருசுகள்ல ஒண்ணு, அது ஹிட்லர் கைக்குப் போயிருமோன்னு வயித்துல நெருப்ப கட்டிக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் ஸ்பியர்ஸ் களத்துல இறங்கறாரு, சர்ச்சில் கிட்ட போறாரு, மத்தவங்க ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவரு சொல்ல, மந்திரிங்கள ஒவ்வொருத்தரா புடிச்சு பேசி சம்மதம் வாங்கறாங்க. மினிட்ஸ்லயே அடியில குறிப்பு இருக்கு, பின்னால உறுப்பினர்கள தனித்தனியா கேட்டதுல பெரும்பான்மை ஒத்துக்கிச்சுன்னு. அதாவது பிரான்ஸோட தலையெழுத்த மாத்தின உரை கிட்டத்தட்ட மத்தியான சாப்பாட்டு நேரத்துலயே ஃபைலுக்குள்ள போய்ப் படுத்திருக்க வேண்டியது. டி கோலோட பத்தில இதுல ஒரு எழுத்து கூட இல்ல. ஸ்பியர்ஸ் இல்ல, சேம்பர்லின் இல்ல, சின்ன ஃப்ளாட்ல உக்காந்து அந்த உரைய டைப் அடிச்ச எலிசபெத் டி மிரிபெலும் அந்த பத்தியில இல்ல.

இன்னும் கொஞ்சம் நோண்டினா இன்னும் வருது. ஆறு மணிக்கு வாசிச்சேன்னு சொல்றாரு, ஒலிபரப்பு போனது ராத்திரி பத்து மணின்னு தான் ஆய்வாளருங்க பெரும்பாலும் எடுத்துக்கறாங்க. உரையோட தொடக்கமும் இடிக்குது. புத்தகத்துல அச்சான வாசகம் எடுத்த எடுப்புலயே பெத்தான் கோஷ்டிய குத்துது, பல வருஷமா படைகளுக்குத் தலைமை தாங்கின தலைவர்கள் தான் இப்ப அரசாங்கம் அமைச்சிருக்காங்கன்னு. ஆனா சுவிட்சர்லாந்து ராணுவத்தோட ரேடியோ ஒட்டுக்கேட்கற பிரிவு அன்னிக்கு எழுதி வெச்ச குறிப்பு ஜெர்மன் மொழில கிடைச்சிருக்கு, அதுல தொடக்கம் வேற, பிரெஞ்சு அரசாங்கம் எதிரிகிட்ட நிபந்தனை கேட்டிருக்கு, நிபந்தனை மானத்துக்கு விரோதமா இருந்தா போராட்டம் தொடரும்னு சொல்லியிருக்கு, இப்படி மிருதுவா போகுது. லண்டன் கேபினட்ட சமாதானப்படுத்த அந்த ரெண்டு வரிய தணிச்சிருக்கணும்னு வரலாற்றாசிரியருங்க சொல்றது எனக்கும் சரியாத்தான் படுது. அப்புறமா அச்சுல போகறப்ப தனக்குப் பிடிச்ச சூடான வடிவமே நிலைச்சுருச்சு.

பிபிசி அந்த உரைய பதிவு பண்ணி வெக்கல, இது ஒரு கொடுமை. அதனால நம்ம காதுல விழற அந்த குரல் ஜூன் 22 உரையோடது. மைக் முன்னாடி உக்காந்திருக்கற அந்த போட்டோ பின்னாடி எடுத்தது. "பிரான்ஸ் ஒரு சண்டைல தோத்திருக்கு, போர்ல தோக்கல"ங்கறது அந்த உரைலயே கிடையாது, அது ஆகஸ்ட் மாசம் லண்டன் சுவருங்கள்ல ஒட்டின போஸ்டர்ல வந்தது. ஊரே ஒரு நாளை நினைவு வெச்சிருக்கு, அதுல பாதி வேற நாளோட சரக்கு. யுனெஸ்கோ 2005ல உலக நினைவுப் பதிவேட்டுல இதை சேத்தப்பவும் கைல இருந்தது கையெழுத்துப் பிரதி, போஸ்டர், 22ஆம் தேதி ஒலிப்பதிவு மாதிரியானவை தான்.

அப்ப ஆளு பொய் சொல்லியிருக்காரான்னா, எனக்கு அப்படி தோணல. மொதல்ல நானும் தற்பெருமைன்னு தான் நெனச்சேன், மறுபடி படிச்சப்ப அது ஒத்து வரல. தற்பெருமைக்காரன் தோல்விய மறைப்பான். 1940 செப்டம்பர்ல மேற்கு ஆப்பிரிக்கால டக்கார் துறைமுகத்த புடிக்கப் போய் மூக்கறுபட்டு வந்தது இவருக்கு எவ்ளோ பெரிய அவமானம், அதை எப்படி எழுதறாரு தெரியுமா, அடுத்த நாளுங்க கொடுமையா இருந்துச்சு, பூகம்பத்துல வீடு ஆடி, கூரை ஓடு எல்லாம் மழையா தலைல விழற மனுஷனாட்டம் இருந்தேன்னு. ஓடு விழறத எழுதறவரு கேபினட் வேண்டாம்னு சொன்னத எழுதறதுக்கு ஏன் கூச்சப்படணும்? 

எனக்கு தோணறது இதுதான். இவரு புத்தகத்துல முடிவு எடுக்கறது எப்பவும் தனி ஆளுங்க. கமிட்டி, வராண்டா, காத்திருப்பு அறை, போன் போட்டு மந்திரிய கெஞ்சறது, இதெல்லாம் அவரு கண்ணுக்கு வரலாறு கிடையாது, அதனால பேனா அங்க போகறதே இல்ல. 1942ல லிபியாவுல பிர் ஹக்கீம் பாலைவனத்துல கேனிக் தலைமைல இவரோட சுதந்திர பிரெஞ்சுப் படை ஜெர்மன் தளபதி ரோம்மலை ரெண்டு வாரம் தடுத்து நிறுத்தி தப்பிச்சு வெளிய வந்துருச்சுன்னு சேதி வருது, அந்த இடத்தைப் பாருங்க: சேதி கொண்டு வந்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பிட்டேன், கதவ சாத்தினேன், தனியா இருக்கேன், அப்புறம் தான் அந்த அழுகை, பெருமித விம்மல், ஆனந்தக் கண்ணீர். கதவ சாத்திட்டுத் தான் அழறாரு, அழுதத ஊருக்கே எழுதறாரு! தோல்வின்னாலும் ஜெயிப்புன்னாலும் அவரு தனியா தான். ஜூன் 18 பத்தில சர்ச்சில் மட்டும் இருக்கறதுக்கும் அதான் காரணம், அவர ஒருத்தர தான் தன் உயரத்துக்கு ஆளுன்னு நெனச்சாரு.

மத்தவங்கள பத்தி எழுதறப்ப பாருங்க, அதே அளவுகோல் தான். ஜனாதிபதி லெப்ரன் நல்லவரு, ஆனா நாட்டுத் தலைவரா அவருகிட்ட ரெண்டு விஷயம் தான் குறைஞ்சுச்சு, அவரு தலைவரா இல்ல, நாடுன்னு ஒண்ணும் இல்ல. மனுஷன் அதோட முடிஞ்சாரு. பெத்தானுக்கு இன்னும் பெருசா வெக்கறாரு, முதுமை ஒரு கப்பல் விபத்து, எங்களுக்கு எதுவும் மிச்சம் வெக்கக்கூடாதுன்னு பெத்தானோட முதுமையும் பிரான்ஸோட மூழ்கலும் ஒண்ணா வந்து சேந்துச்சுன்னு.

பெத்தான் விஷயத்துல ஒரு பழைய கணக்கு இருக்கு, எழுத்து சம்பந்தப்பட்டது, அதனால சொல்லியே ஆகணும். 1920கள்ல டி கோல் பெத்தானோட அலுவலகத்துல வேலை பாத்தாரு, மார்ஷல் பேருல வரவேண்டிய ஒரு புத்தகத்த இவரு தான் எழுதிக் குடுக்கணும், பேரு அவருக்கு, உழைப்பு இவருக்கு. இன்னொரு அதிகாரிய விட்டு தன் வாசகத்த திருத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் இவரு கொதிச்சுட்டாரு. கடைசில 1938ல அந்த சரக்க தன் சொந்தப் பேருல புத்தகமா போட்டாரு, முன்னாடி வெக்கற சமர்ப்பண வரிக்கே ரெண்டு பேருக்கும் சண்டை. ரெண்டே வருஷத்துல ஒருத்தரோட ஆட்சில இன்னொருத்தருக்கு மரண தண்டனை, 1940 ஆகஸ்ட்ல ராணுவ கோர்ட்டு ஆள் இல்லாமலே தீர்ப்பு எழுதிருச்சு.

அந்த ரோஷம் போர் நினைவுகள் எழுதின விதத்துலயும் தெரியுது. சர்ச்சில் தன் போர் வரலாற்ற எழுதினப்ப ஆராய்ச்சியாளருங்க, பழைய தளபதிங்கன்னு ஒரு குழுவே வெச்சிருந்தாரு, அவரு சொல்லச் சொல்ல ஆளுங்க எழுதுவாங்க. இவரு கொலொம்பே லே தூ எக்லீஸ்னு ஒரு குக்கிராமம், பாரிஸ்ல இருந்து ரொம்ப தள்ளி, அங்க 1934ல வாங்கின வீடு, வீட்டு மூலைல ஒரு ஆறு பக்க கோபுரம் கட்டி அதுல மேஜை போட்டு, பேனாவால கையில எழுதறாரு. பிரெஞ்சு தேசிய நூலகத்துல அந்த கையெழுத்துப் பிரதிங்க இருக்கு, பக்கத்துக்கு பக்கம் அடிச்சல் திருத்தல், அந்த கோழிக்கிறுக்கல படிச்சு டைப் அடிச்சுக் குடுத்தது மக எலிசபெத். ராயல்டி பெரும்பாலும் போனது அன் டி கோல் அறக்கட்டளைக்கு, டவுன் சிண்ட்ரோமோட பிறந்து 20 வயசுல, 1948ல இறந்துபோன சின்ன மக பேருல, அந்த மாதிரி பொண்ணுங்களுக்காக நடத்தினது.

ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னாடி தந்தி, கடிதம், அறிக்கைன்னு கட்டு கட்டா ஆவணம் சேத்திருக்காரு. பாக்கறப்ப அடேங்கப்பா ஆதாரத்தோட பேசறாருன்னு தோணும், ஆனா அந்த ஆவணங்கள தேர்ந்தெடுத்தது யாரு, அவரே தான். மனுதாரர் தானே ஃபைல் கட்டி குடுத்த மாதிரி. லண்டன் கேபினட் மினிட்ஸ் அதுல எப்படி வரும், அந்த காலத்துல அது பூட்டித்தான் இருந்துச்சு.

நம்ம ஊரு பக்கமும் இந்தக் கதைல ஒரு இழை வருது. ஜூன் 18 உரைக்கப்புறம் எந்தெந்த காலனி இவரு பக்கம் வந்துச்சுன்னு புத்தகத்துல வரிசையா சொல்றாரு, ஆகஸ்ட் கடைசில ஃபெலிக்ஸ் எபுவே கவர்னரா இருந்த ஆப்பிரிக்கக் காலனி சாட், அப்புறம் பசிபிக் தீவுங்க, செப்டம்பர்ல கவர்னர் போன்வன் தலைமைல பிரெஞ்சு இந்தியா, அதாவது பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, யானம், சந்திரநாகூர். அவரு எழுத்துல ஏதோ தேசபக்தி ஊத்து பொங்கின மாதிரி இருக்கும், இருந்திருக்கலாம், ஆனா தரைப் பக்கமெல்லாம் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்து கிடக்கற ஊரு, அரிசியும் ரயிலும் அவங்க கையில, பெத்தான் பக்கம் நின்னா எத்தனை நாள் தாங்கும்னு கவர்னர் யோசிக்காமலா இருந்திருப்பாரு. இந்த கணக்கும் அந்த வராண்டா சமாச்சாரம் தான்.

இந்த தனி ஆள் முறை வெறும் எழுத்து நடை இல்ல, அரசியல்லயும் வேலை செஞ்சுதுன்னு காட்ட இன்னொரு இடம் இருக்கு, இரண்டாம் பாகத்துல, 1944 ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை. ஜனங்க நகர மண்டபத்துல காத்துட்டு இருக்காங்க, இவரு நேரா அங்க போகல, அதுக்கு முன்னாடி போனது சான் தொமினிக் தெருவுல போர் அமைச்சகம், 1940 ஜூன் 10 ராத்திரி ரேனோவோட விட்டுட்டுப் போன அதே கட்டடம். உள்ள போனா ஒரு நாற்காலி நகரல, ஒரு திரைச்சீலை மாறல, மேஜை மேல போன் அதே இடத்துல, கூப்பிடற பட்டனுங்களுக்கு கீழ அதே பேருங்க. எல்லாம் இருக்கு, அரசு ஒண்ணத் தவிர, அதை திருப்பி வெக்கறது என் வேலைங்கறாரு. நாலு வருஷம் ஜெர்மன்காரன் ஆண்ட ஊருல பட்டன் கீழ பேரு கூட மாறலன்னு கவனிக்கற கண்ணு இருக்கே, அது எழுத்தாளன் கண்ணு தான், 2010ல மேல்நிலைப் பள்ளி இலக்கிய பாடத்திட்டத்துல மூணாம் பாகத்த வெச்சப்ப இதெல்லாம் இலக்கியமான்னு ஆசிரியருங்க பெட்டிஷன் போட்டாங்க, இந்த பட்டன் பத்திய ஒரு தடவை படிச்சுட்டு போட்டிருக்கலாம்.

அங்க இருந்து போலீஸ் தலைமையகம், அதுக்கப்புறம் தான் நகர மண்டபம். அங்க எதிர்ப்பு இயக்கத் தலைவர் ஜோர்ஜ் பிதோ, குடியரசை அறிவிச்சுருங்கன்னு கேக்கறாரு. முடியாதுன்னுட்டாரு. குடியரசு ஒரு நாளும் இல்லாமப் போகல, பெத்தானோட விஷி அரசாங்கம் செல்லாதது, நான் தான் குடியரசோட அரசாங்கத்துத் தலைவர், நான் ஏன் போய் அறிவிக்கணும்னு. நாலு வருஷத்த ஒரே வாக்கியத்துல கணக்குல இருந்தே அடிச்சாச்சு. ஜூன் 18 பத்தில கேபினட் காணாம போன மாதிரியே இங்க விஷியே காணாம போயிருச்சு, ஆனா இங்க அது புத்தகத்துல மட்டும் இல்ல, சட்டமாவே ஆச்சு. நாடு அந்த கதைக்குள்ள நிம்மதியா குடியேறிருச்சு, யூதர்கள நாடு கடத்தினதுல பிரெஞ்சு அரசுக்கு பொறுப்பு உண்டுன்னு ஒரு ஜனாதிபதி வாய் திறந்து சொல்ல 1995 ஆச்சு, அதை சொன்ன ஷிராக் கூட டி கோல் கட்சி வழில வந்தவரு தான்.

மூணாம் பாகத்தோட கடைசி பக்கங்க 1946ல அவரு பதவிய விட்டதுக்கு அப்புறம் கொலொம்பே வீட்டுல நடக்குது. ஜன்னல் வழியா மேற்கு பக்கம் பாத்தா 15 கிலோமீட்டருக்கு ஒரு கட்டடம் கண்ணுல படாது, காடு, வயல், மௌனம், சோதனைகள்ல அலுத்துப்போன ஒரு கிழவன், எல்லா காரியத்துலயும் இருந்து விலகி, நித்திய குளிரு நெருங்கறத உணர்ந்துக்கிட்டு, இருட்டுல நம்பிக்கை வெளிச்சம் தெரியுதான்னு மட்டும் பாத்துட்டு இருக்கான். இந்த பாகம் கடைக்கு வந்தது 1959 அக்டோபர். எழுத்தாளர் அப்ப எலிசே மாளிகைல ஐந்தாம் குடியரசோட ஜனாதிபதி, அதுக்கு முந்தின மாசம் 16ஆம் தேதி தான் டிவில வந்து, அப்ப பிரான்ஸ் கைல இருந்த அல்ஜீரியாவுக்கு சுயநிர்ணய உரிமைன்னு சொல்லி ராணுவத்துல பாதி பேர பகைச்சிருந்தாரு. 1958ல ஆட்சிக்கு திரும்பினதுக்கு ஏத்த மாதிரி அந்த முடிவ மாத்தியிருக்கலாம், மாத்தல. ஊரே அவர எலிசேல பாத்துட்டு இருக்கு, புத்தகத்துல அவரு அந்த ஜன்னல் பக்கமே உக்காந்திருக்காரு.